கதவைத் தாண்டினால் ஓம்

"தொப்பி போடாத ஒருத்தரும் இந்த மண்டபத்துக்குள்ளை இருக்கேலாது" என்று தலைவர் அருளானந்தன் மேசையில் அடித்தார்.

"அண்ணை, உள்ளுக்கை சூடு போட்டிருக்கு. வேர்க்குது" என்றாள் மரியரஞ்சனி. ஞாயிறு பூசைக்கென்று விடியவே எழும்பித் தலைமுடியைச் சுருட்டி விட்டிருந்தவள். அதன்மேல் கம்பளித் தொப்பி போடச் சொன்னால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது.

"வேர்க்கட்டும். இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலை உறுப்பினர் இருக்கேக்கை தொப்பியோடை இருக்கவேணும். கதைக்க எழும்பேக்கை கழட்டவேணும். அது சட்டம்."

"ரீவியிலை காட்டேக்கை ஒருத்தரும் தொப்பியோடை இருக்கிறேல்லையே."

"அது இப்பத்தைய பாராளுமன்றம். பழுதாப் போச்சு. நாங்கள் எடுத்திருக்கிறது ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறுகளிலை இருந்த பாராளுமன்றம்."

வெளியே நோர்வேயின் டிசம்பர், பூச்சியத்துக்குக் கீழே பன்னிரண்டில் நின்றது. உள்ளே முப்பது பேர் ஜக்கெட் பைகளுக்குள் கைவிட்டுத் தொப்பிகளை எடுத்து, தலைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே மாட்டினார்கள். லூக்காஸ் அவசரத்தில் மகளுடைய தொப்பியைக் கொண்டுவந்திருந்தார். இளஞ்சிவப்பு நிறம், உச்சியில் குஞ்சம். ஒன்றியத்தின் எதிர்க்கட்சி என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். அந்தக் குஞ்சத்தோடு அவர் எவ்வளவு முறைத்தும் எடுபடவில்லை.

ஹொல்ம்லியா சூசையப்பர் தமிழ் ஒன்றியம் என்று பெயரில் ஒரு புனிதர் இருக்கிறாரே தவிர, அது பக்தியில் பிறந்த சங்கம் அல்ல. கோபத்தில் பிறந்தது. அந்தக் கோபம் அருளானந்தனுடையது.

நம்முடைய ஆட்களின் கூட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கோபித்துக்கொண்டு எழும்பி வெளியே போவார். உண்மையில் அவர் எங்கும் போவதில்லை. வாசலைத் தாண்டியதும் நடை மெதுவாகும். கார்த் திறப்பைத் தேடுவது போல எல்லாப் பைகளையும் தடவுவார். உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவேண்டும். அவர் "விடுங்கோ" என்பார். பிடித்தவர்கள் விடக்கூடாது. கொஞ்ச நேரத்தில் எல்லோருமாகத் திரும்பி வந்து தேத்தண்ணி குடிப்பார்கள். எந்தச் சங்கத்தின் யாப்பு விதியிலும் இது எழுதப்படவில்லை. எல்லாச் சங்கமும் இதன்படிதான் நடக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒன்றியம் ஒன்றாகத்தான் இருந்தது. ஸ்ட்ரோம்மனில் கூட்டம். நத்தார் ஒளிவிழா மேடையில், யேசு பிறந்த மாட்டுத்தொழுவத்தை இடப்பக்கம் வைப்பதா வலப்பக்கம் வைப்பதா என்று வாக்குவாதம். அருளானந்தன் இடம் என்றார். அவருடைய மச்சான் யூலியன் வலம் என்றார். அருளானந்தன் எழும்பி வெளியே போய்க் கார்த் தரிப்பிடத்தில் நின்றார். பைகளைத் தடவினார். ஒருவரும் வரவில்லை. மறுபடியும் தடவினார். காது மரத்துப்போகும்வரை நின்றார்.

உள்ளே யூலியன் சொல்லியிருந்தார்: "விடுங்கோ, குளிர் பிடிச்சால் தானே வருவார்."

அவர் வரவில்லை. ரயில் ஏறி ஹொல்ம்லியாவுக்குப் போய், அடுத்த ஞாயிறே தனி ஒன்றியம் தொடங்கினார். யூலியன், அருளானந்தனின் மனைவி அருள்ராணிக்குக் கூடப்பிறந்த அண்ணன். ஒன்பது நத்தார் கழிந்தும் அருள்ராணி அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் பிள்ளைகளின் முதல்நன்மைப் படங்களைத் தொலைபேசியில்தான் பார்த்தாள். அரைமணித்தியாலம் ரயிலில் இருந்தால் போய்விடக்கூடிய தூரம். நினைக்க எரிச்சல் வருகிறதல்லவா? அவளுக்கும் வந்தது. ஆனால் அவள் மேசையில் அடிப்பவள் இல்லை.

இந்த வருடம் லூக்காஸ் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஒளிவிழாவை ஸ்ட்ரோம்மன் ஒன்றியத்தோடு சேர்ந்து நடத்துவது, இனிமேல் இரண்டும் ஒன்று. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஹொல்ம்லியாவில் பிள்ளைகள் போதாது. போன வருடம் தொழுவத்தில் குழந்தை யேசுவாகக் கிடந்தவனுக்கு முன்பல் விழுந்திருந்தது. கிடந்தபடியே மூன்று ஞானிகளிடமும் பரிசை வாங்கி, அங்கேயே பிரித்துப் பார்த்தான்.

தீர்மானம் நிறைவேறினால் அருளானந்தன் மேடையில் ஏறி யூலியனின் கையைப் பிடிக்கவேண்டும். அதற்குப் பதில் கையை வெட்டிக்கொள்வேன் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இரண்டு கிழமைக்கு முன் நடந்த கூட்டத்தில் தீர்மானத்துக்குக் கைகள் உயரத் தொடங்கின. அருளானந்தன் எண்ணவில்லை. எழும்பிப் போய் மண்டபத்து விளக்கை அணைத்து, "இருட்டிலை கை தெரியேல்லை, கூட்டம் முடிஞ்சுது" என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியும் கத்தினார். "காட்டுமிராண்டிக் கூட்டம். ஒரு ஒழுங்கு இல்லை, முறை இல்லை."

அருள்ராணி மீன்குழம்பை ஊற்றினாள். "சரியான சட்டம் இல்லாததாலைதான் எல்லாரும் கத்துகினம். மேல்மாடிக் கம்சிகா பாராளுமன்றம்தானே படிக்கிறாள். அவளைக் கேட்டால் ஒரு சட்டம் சொல்லித் தரமாட்டாளே?"

"பாராளுமன்றமோ?"

"இங்கிலீஸ் பாராளுமன்றம்."

அருளானந்தன் பிசைவதை நிறுத்தினார். வெள்ளைக்காரனைத் திட்டுவதில் அவருக்கு நிகர் அவரே. ஆனால் ஒரு விசயம் இங்கிலீஸ்காரனுடையது என்றால் அதற்கு ஒரு தரம் இருக்கும் என்ற எண்ணமும் யாழ்ப்பாணத்திலிருந்தே அவரோடு கூட வந்திருந்தது. அன்றைக்கே கம்சிகாவைக் கீழே கூப்பிட்டார்கள்.

கம்சிகா நோர்வேயில் பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். மடிக்கணினியோடு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"நீ உண்மையிலை என்ன படிக்கிறாய் பிள்ளை?"

"ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறுகளிலை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலை ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது எண்டு, மாமா. எப்ப கூடினவை, எப்பிடிக் கதைச்சவை, எப்பிடி வாக்குப் போட்டவை. அதுதான் என்ர மாஸ்டர் ஆய்வு."

"உதைப் படிச்சால் என்ன வேலை கிடைக்கும்?"

"அப்பாவும் ஒவ்வொரு நாளும் உதைத்தான் கேக்கிறவர்."

"அப்ப ஏன் எடுத்தனீ?"

"ஒராள் ஒரு கேள்வி கேட்டது. மறுமொழி தேடப்போய் அப்பிடியே பிடிச்சுப்போச்சு."

"ஏதோ விசர்க் கேள்வியாத்தான் இருக்கும்" என்றார் அருளானந்தன். அருள்ராணி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

கம்சிகா ஒவ்வொரு விதியாகச் சொன்னாள். தொப்பி. ஒருவர் ஒரு விசயத்தில் ஒருதரம்தான் பேசலாம். பேசும்போது இன்னொருவரின் பெயரைச் சொல்லக்கூடாது. தலைவரைப் பார்த்துத்தான் பேசவேண்டும். அருளானந்தனுக்கு எல்லாம் பிடித்தது. கடைசியில் வாக்கெடுப்புக்கு வந்தாள்.

"சத்தத்திலை முடிவு தெரியாட்டில் பிரிச்சு எண்ணவேணும், மாமா. கை தூக்கிறேல்லை. ஓம் எண்டவை எழும்பி வெளியிலை போகவேணும். இல்லை எண்டவை இருந்த இடத்திலை இருக்கலாம்."

"வெளியிலை எண்டால்?"

"கதவுக்கு வெளியிலை. வழமையா புதுசா ஒண்டு வேணும் எண்டு கேக்கிறவைதான் எழும்பிப் போகவேணும். இருக்கிறது போதும் எண்டவை ஏன் அசையவேணும், இக்கெ சான்ட், சரிதானே?"

அருளானந்தன் யன்னலைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. டிசம்பரில் இவர்களில் எவன் வெளியே போவான்? குளிருக்குப் பயந்து குப்பை கொட்டவே பிள்ளையை அனுப்புகிற ஆட்கள். அவர் சிரித்தார். கார்த்திகை தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் அவர் சிரித்தது அன்றுதான்.

"அந்தக் கடைசிச் சட்டத்தை இன்னொருக்காச் சொல்லு பிள்ளை" என்றாள் அருள்ராணி.

கம்சிகா சொன்னாள்.

"வேற அலுவலா வெளியிலை போனால்?"

அருளானந்தனுக்குக் கோபம் வந்தது. "என்ன அலுவல்? இப்பிடி ஓட்டை விட்டுத்தான் எங்கடையள் நாசமாப் போறது. கதவைத் தாண்டினால் ஓம். காரணம் கேக்கிறேல்லை. ஆராயிருந்தாலும் சரி."

"போனவர் திரும்பி வந்தால்?"

"போனால் போனதுதான்."

"சரி, நீங்கள் சொன்னால் சரி" என்றாள் அருள்ராணி.

இப்படித்தான் முப்பது பேர் சூடான மண்டபத்தில் கம்பளித் தொப்பியோடு இருக்க நேர்ந்தது. மேசையில் செங்கோலுக்குப் பதிலாக அருள்ராணியின் புட்டுக்குழல் கிடந்தது. கதவருகில் எண்ணுவதற்குக் கம்சிகா நின்றாள். கதவுக்குப் பக்கத்துக் கொளுவியில் அருளானந்தனின் தடித்த ஜக்கெட் தொங்கியது. அவர் மெல்லிய ஜக்கெட்டோடுதான் புறப்பட்டார். தடித்ததை அருள்ராணி கையில் எடுத்துவந்து மாட்டியிருந்தாள்.

லூக்காஸ் எழுந்து குஞ்சத்தொப்பியைக் கழற்றினார். "தலைவர் அவர்களே, போன ஒளிவிழாவிலை மரியரஞ்சனி..."

"பேர் சொல்லக்கூடாது" என்றார் அருளானந்தன்.

"அப்ப எப்பிடிச் சொல்லுறது?"

"ஊரைச் சொல்லவேணும். கனம் ஹொல்ம்லியா உறுப்பினர்."

லூக்காஸ் பல்லைக் கடித்தார். "போன ஒளிவிழாவிலை கனம் ஹொல்ம்லியா உறுப்பினர் தேத்தண்ணியோடை குடுக்க றோல்ஸ் காணாமல் ஸ்ட்ரோம்மனிலை கடன் வாங்கினவர்."

நான்கு பேர் ஒரேயடியாக எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள்.

"ஆரைச் சொல்லுறீர்? நான் எப்ப கடன் வாங்கினனான்?"

"என்ர றோல்ஸ் மிஞ்சினது, எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாரும் ஹொல்ம்லியாதானே. ஆரைச் சொன்னது எண்டு இப்ப சொல்லவேணும்."

"மாடியைச் சொல்லுங்கோ" என்று அருளானந்தன் கத்தினார். "கனம் மூண்டாம் மாடி உறுப்பினர் எண்டு சொல்லுங்கோ."

தொடர்மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் எழுந்தார்கள். றோல்ஸ் சண்டையிலேயே அரைமணி நேரம் போனது. ஒருவர் ஒருதரம்தான் பேசலாம் என்பதால், திட்டு வாங்கியவர்கள் திருப்பித் திட்டமுடியாமல் பக்கத்திலிருந்தவர்களைக் கொண்டு திட்டுவித்தார்கள்.

அருளானந்தனுக்கு நெஞ்சுக்குள் வெந்தது. எல்லோரும் கதைக்கிறார்கள், அவரால் கதைக்கமுடியவில்லை. தலைவர் ஒழுங்கு காக்கலாமே தவிர, விவாதத்தில் வாய் திறக்கக்கூடாது என்று அவருடைய சொந்தச் சட்டமே சொன்னது. லூக்காஸின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக எழும்பி, சேருவோம், சேருவோம் என்றார்கள். அவர் புட்டுக்குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்று மணி தாண்டியது. யன்னல் கறுத்தது. அப்போது அவருக்கு இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. முகம் மலர்ந்தது.

"இருட்டிப்போச்சு. மெழுகுதிரி கொண்டுவரலாம் எண்டு சபை தீர்மானிக்காட்டில் இருட்டிலை ஒண்டும் கதைக்கேலாது. கூட்டத்தை ஒத்திவைக்கவேணும். என்ன கம்சிகா?"

"ஓம் மாமா, அப்பிடித்தான்" என்றாள் கம்சிகா.

"அண்ணை, லைற் எரியுதே" என்றாள் மரியரஞ்சனி.

"ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறிலை லைற் இல்லை" என்று அருளானந்தன் எழும்பிப்போய் விளக்கை அணைத்தார். இருட்டுக்குள் நின்று, "மெழுகுதிரி வேணும் எண்டவை?" என்றார்.

"ஓம்" என்று மண்டபம் அதிர்ந்தது.

"வேண்டாம் எண்டவை?"

ஒரு மூச்சுக்கூட இல்லை. அவருக்கு "வேண்டாம்" என்று கத்தவேண்டும் போல இருந்தது. தலைவருக்கு வாக்கு இல்லை. திருவருகைக்கால மெழுகுதிரிகள் அலுமாரிக்குள் இருந்தன. மேசையெல்லாம் ஏற்றினார்கள்.

மண்டபத்தின் வக்த்மெஸ்டர் மார்க் கதவைத் திறந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அந்த நோர்வேஜியர், இருட்டில் கம்பளித் தொப்பியோடு மெழுகுதிரி வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும் தமிழர்களைக் கண்டு வாசற்படியிலேயே நின்றார். பிறகு, இது உங்கள் சமயம் என்றால் மதிக்கிறேன், ஆனால் தீ எச்சரிக்கை மணி அடிக்கும், நெருப்பு வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மெழுகுதிரிகளை அணைத்தார்கள். தொழுவத்துப் பெட்டியிலிருந்து பற்றரி விளக்குச் சரங்களை எடுத்துக் கதிரைகளில் சுற்றினார்கள். சிவப்பும் பச்சையுமாக அவை கண் சிமிட்டின.

அதுதான் பெரிய பிழையாகப் போயிற்று. வெள்ளை வெளிச்சத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தவர்கள், அந்தச் சின்ன வெளிச்சத்தில் இளகிப்போனார்கள். யாரோ மெல்லப் பழைய ஒளிவிழாக்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். ஸ்ட்ரோம்மனில் ஒருவருடம் ஆடு வேடம் போட்ட பிள்ளை மேடையில் நித்திரையானது. எல்லோரும் ஒன்றாக இருந்து பாலப்பம் சாப்பிட்டது. மரியரஞ்சனி தொப்பியைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்தாள்.

"நாங்கள் என்னத்துக்குப் பிரிஞ்சனாங்கள் எண்டே எனக்கு இப்ப ஞாபகம் இல்லை" என்றார் லூக்காஸ்.

எனக்கு ஞாபகம் இருக்கு என்று அருளானந்தனின் காதுகள் இரண்டும் சொல்லின. அவரால் பொறுக்க முடியவில்லை.

"கம்சிகா, தலைவர் கதைக்கிறதுக்கு ஒரு வழியும் இல்லையே?"

"இருக்கு மாமா. முழுச்சபைக் குழு. செங்கோலை மேசைக்குக் கீழை வைச்சால் சபை குழுவா மாறும். நீங்கள் கதிரையை விட்டிறங்கி, சாதாரண உறுப்பினரா எத்தினை தரமும் கதைக்கலாம். வேற ஒராள் கதிரையிலை இருக்கவேணும்."

"குழுவிலை எடுக்கிற முடிவு செல்லுமே?"

"பிறகு சபைக்கு அறிவிக்கவேணும்..."

"இஞ்சை ரெண்டும் ஒண்டுதான்" என்று வெட்டினார். புட்டுக்குழலை மேசைக்குக் கீழே உருட்டினார். கதிரையில் யாரை இருத்துவது? லூக்காஸின் ஆட்களை நம்பேலாது. மற்றவர்களையும் நம்பேலாது. "இஞ்சை வாரும் அருள்ராணி. வந்து இதிலை இரும். ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

அருள்ராணி வந்து இருந்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

அருளானந்தன் தன் தொப்பியைக் கழற்றி எறிந்தார். ஒன்றரை மணித்தியாலமாக அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. ஸ்ட்ரோம்மன்காரரின் திமிரைப் பற்றிச் சொன்னார். தொழுவம் ஏன் இடப்பக்கம்தான் இருக்கவேண்டும் என்று சொன்னார். கடைசியில் குரல் உடைந்தது.

"ஒரு மனுசன் கோவிச்சுக்கொண்டு வெளியிலை போறான். அவனை ஒரு நாய்கூட வந்து கூப்பிடேல்லை. அந்தக் கூட்டத்தோடை போய்ச் சேரச் சொல்லுறியளோ?"

சிவப்பும் பச்சையும் சிமிட்டின.

"கெதியா வாக்குக்கு விடுங்கோ" என்றார் லூக்காஸ்.

"சேரவேணும் எண்டவை?" என்றாள் அருள்ராணி.

"ஓம்" என்று பலத்த சத்தம்.

"சத்தம் வேண்டாம். பிரிச்சு எண்ணவேணும்" என்று அருளானந்தன் பாய்ந்தார். "ஓம் எண்டவன் எழும்பிப் போகட்டும் வெளியிலை."

லூக்காஸ் எழும்பினார். குஞ்சத்தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போனார். திறந்த கதவால் ஒரு வீச்சுக் குளிர் உள்ளே வந்து எல்லோருடைய காலையும் தொட்டது. எழும்பப் போன இரண்டு பேர் திரும்ப இருந்தார்கள். வேறு ஒருவரும் அசையவில்லை.

அருளானந்தன் கையைக் கட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். வென்றாயிற்று. ஒரேயொரு ஓம், அதுவும் இளஞ்சிவப்புத் தொப்பிக்குள்ளே. அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

"பாத்தியளோ? என்னோடை நிக்கிற சனம் எவ்வளவு எண்டு."

"உங்களோடை ஆர் நிண்டது?" என்றாள் மரியரஞ்சனி. அன்று முழுவதும் அடக்கிய ஆத்திரம் அவளுக்கும் இருந்தது. வேர்வையில் சுருள் எல்லாம் நிமிர்ந்துவிட்டது. "நான் குளிருக்குத்தான் இருக்கிறன். உங்களுக்காக இல்லை."

"நானும் குளிருக்குத்தான்" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"எனக்குத் தடிமன். இல்லாட்டில் போயிருப்பன்."

"வெளியிலை பூச்சியமா இருந்தால் ஒருத்தரும் உள்ளுக்கை இருக்கமாட்டினம், அண்ணை."

அருளானந்தன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒன்றாவது மறுத்துச் சொல்லுமா என்று பார்த்தார். சொல்லவில்லை. வெற்றி வாய்க்குள்ளேயே புளித்துப்போயிற்று. தோற்றிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திராது.

"அப்ப எனக்காக இஞ்சை ஒருத்தரும் இல்லை" என்றார். "ஒன்பது வருசமா உங்களுக்கு ஒளிவிழா நடத்தினவன் நான். கதிரை அடுக்கினவன் நான். குளிருக்கு இருக்கிறியளோ? இருங்கோ. வடிவா இருங்கோ. நான் ஏன் இஞ்சை இருக்கிறன்."

தொப்பியில்லை, ஜக்கெட்டில்லை. கதவைப் படாரென்று தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

அவ்வளவுதான். அதன்பிறகு யாரும் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்கிற காரியம் அல்ல அது. ஒருவர் கோபித்துக்கொண்டு போகிறார், போய்ப் பிடிக்கவேண்டும். "அண்ணை, நில்லுங்கோ" என்று முதலில் ஓடியவள் மரியரஞ்சனி. "ஜக்கெட்டைக் கொண்டுபோ பிள்ளை" என்று கதிரையிலிருந்து அருள்ராணி சொல்ல, கொளுவியிலிருந்து தடித்த ஜக்கெட்டைப் பறித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் முன்வரிசை, அதன் பின்னால் பின்வரிசை. தடிமன்காரரும் தும்மிக்கொண்டே போனார்.

அருளானந்தன் கார்த் தரிப்பிடத்தில், பனிக்குள் நின்றார். கை தானாகப் பைகளைத் தடவியது. ஏற்கனவே வெளியே நடுங்கிக்கொண்டிருந்த லூக்காஸ்தான் முதலில் வந்து கையைப் பிடித்தார்.

"உள்ளுக்கை வாங்கோ, அண்ணை."

"விடும்."

"விடமாட்டன்."

மரியரஞ்சனி ஜக்கெட்டைத் தோளில் போட்டாள். "நான் ஒரு கோவத்திலை சொல்லிப்போட்டன், அண்ணை. அதை மனசிலை வைக்காதையுங்கோ."

அவர் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் நின்றார்கள். பாதிப் பேருக்கு ஜக்கெட் இல்லை. தொப்பிகள் மட்டும் தலையில் இருந்தன, சட்டத்தின் புண்ணியத்தால். வாயிலிருந்து புகையாக மூச்சு வர, கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு, அவருக்காக நின்றார்கள். ஒன்பது வருடமாக அவர் காதுக்குள் இருந்த குளிர் அப்போதுதான் விட்டது. கண்ணில் நீர் வந்தது. அதைக் குளிரென்று சொல்லித் துடைத்தார்.

"விடுங்கோ" என்றார் இன்னொருதரம், வழக்கத்துக்காக.

யாரும் விடவில்லை. அணைத்தபடியே கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

மண்டபத்துக்குள், கதவருகில் நின்ற கம்சிகாவைத் தவிர, அருள்ராணி மட்டும் கதிரையில் இருந்தாள். சிவப்பு, பச்சை வெளிச்சத்தில் வெறுங்கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. அவள் குனிந்து மேசைக்குக் கீழிருந்து புட்டுக்குழலை எடுத்தாள். துடைத்தாள். மேசைமேல் வைத்தாள்.

"எத்தினை பேர் கம்சிகா?"

"வெளியிலை போனவை எல்லாரும், மாமி. எங்கள் ரெண்டு பேருக்கும் வாக்கில்லை. உள்ளுக்கை வேற ஒருத்தரும் இல்லை."

"தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சு" என்றாள் அருள்ராணி.

அருளானந்தனுக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் மண்டபம் அதிர்ந்தது. "என்ன ஏகமனது? என்னைக் கூப்பிட வந்த சனத்தை வாக்கு எண்டு எண்ணுறியோ?"

"கதவைத் தாண்டினால் ஓம். காரணம் கேக்கிறேல்லை எண்டு நீங்கள்தானே மாமா சொன்னனீங்கள்."

"அப்ப நான்? நானும்..."

"நீங்கள் ரெண்டாவது ஓம். லூக்காஸ் மாமாவுக்கு அடுத்தது."

"நான் திரும்பி வந்திட்டன்."

"போனால் போனதுதான் எண்டும் நீங்கள்தான்..."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார்கள். அருள்ராணி கைத்தொலைபேசியை எடுத்து, "அண்ணா, நான்தான். இந்த நத்தாருக்கு நாங்கள் வாறம்" என்று கதைக்கத் தொடங்கியிருந்தாள்.

அருளானந்தன் கம்சிகாவிடம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "உலகத்திலை எத்தினை நாட்டிலை எத்தினை பாராளுமன்றம் இருக்கு. எல்லாத்தையும் விட்டிட்டு இந்த நாசமாப்போன சட்டத்தை எங்கையிருந்து தேடிப் பிடிச்சனீ?"

கம்சிகா தொப்பியைக் கழற்றினாள். பேச எழும்புகிறவர் கழற்றவேண்டும் என்பது சட்டம்.

"நானாத் தேடேல்லை மாமா. கோவிச்சுக்கொண்டு வெளியிலை போறவரை 'ஓம்' எண்டு எண்ணுற பாராளுமன்றம் உலகத்திலை எப்பவாவது இருந்ததோ எண்டு மாமிதான் போன வருசம் கேட்டவ. அதைத் தேடப்போய்த்தான் எனக்கு மாஸ்டருக்குத் தலைப்பே கிடைச்சது."